டேலி கணக்கைக் கூகுள் ஷீட்டில் கேள்வி கேட்டு எடுப்பது எப்படி? கொழுந்துக் கணக்கு எழுதுபவரின் முழுமையான வழிகாட்டி

மாதம் பிறந்து முதல் வாரம் எங்கள் கவுண்டரில் கூட்டம் நிற்கும். கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு சின்ன பேக்டரி. கட்டபெட்டு, அரவேணு, நெடுகுளா, கெங்கரை என்று சுற்று ஊர்களிலிருந்து இலை வருகிறது. கவுண்டருக்கு வருகிறவர் கேட்பது மூன்றே கேள்விதான். போன மாதம் என் இலை எத்தனை கிலோ? உரத்துக்கு எவ்வளவு பிடித்தீர்கள்? கையில் எவ்வளவு வரும்?

மூன்றுக்கும் பதில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் லெட்ஜரை, அதாவது அவர் பெயரில் உள்ள கணக்கைத் திறந்து, தேதியை மாற்றி, கிலோவுக்கு வேறொரு ரிப்போர்ட்டுக்குப் போய் வருவதற்குள் பின்னால் நிற்பவர் இரண்டு முறை செருமிவிடுவார். இடையில் முதலாளி வந்து, "அரவேணு லைன்ல இந்த மாசம் இலை குறைஞ்சிருக்கா?" என்பார். முன்பெல்லாம் எக்செலில் இறக்கி, ஃபில்டர் போட்டு, கூட்டி, துண்டுச் சீட்டில் எழுதி வைப்பேன். மறுநாள் ஒரு பில் கூடினால் அத்தனையும் மறுபடி. இப்போது கூகுள் ஷீட்டின் குவெரி என்ற ஒரே ஃபங்ஷனில் இந்த வேலை முடிகிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. சூத்திரங்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் அடிக்கும்போது கட்டளைச் சொற்களையும் ஏ, பி, சி என்ற எழுத்துகளையும் ஆங்கில விசையில் அடிக்க வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் வரும் ஊர்ப்பெயரும் தாளின் பெயரும் தலைப்பும் மட்டும் தமிழிலேயே இருக்கலாம். மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசையைச் சுருக்கமாகப் பத்தி என்கிறேன்.

முதல் படி: டேலியிலிருந்து எதை எடுப்பது

எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். இரண்டு ரிப்போர்ட் போதும்.

கிலோ வேண்டுமென்றால் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர். டேலிபிரைமில் கேட்வேயிலிருந்து டிஸ்ப்ளே மோர் ரிப்போர்ட்ஸ், அங்கிருந்து அக்கவுண்ட் புக்ஸ், அதற்குள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர். முதலில் மாதவாரிச் சுருக்கம் வரும். ஒரு மாதத்தின் மேல் என்டர் தட்டினால் பில்கள் வரிசையாக வரும். ஆல்ட் எஃப்2 அழுத்தி, ஏப்ரல் 1 முதல் இன்றுவரை என்று காலத்தை விரித்துக்கொள்ளுங்கள். பிறகு எஃப்8 அழுத்தி, காலம்னர் வடிவத்தில் அளவு, விலை, மதிப்பு மூன்றையும் கேளுங்கள். இதைச் செய்யாவிட்டால் தொகை மட்டும்தான் வரும், கிலோ வராது.

பணம் கொடுத்தது, பிடித்தது தெரிய டே புக். அதற்கும் அதே காலம். விரிவான வடிவம் வேண்டாம், சுருக்க வடிவமே நல்லது. விரிவாக எடுத்தால் ஒரு வவுச்சர் (ஒரு கணக்குப் பதிவு) நாலைந்து வரியாக உடையும். தேதி முதல் வரியில் மட்டும் இருக்கும், கீழ் வரிகளில் தேதி காலியாக நிற்கும். தேதியில்லாத வரி குவெரிக்குப் பயன்படாது.

இரண்டுக்கும் ஆல்ட் இ, கரண்ட், ஃபைல் ஃபார்மேட்டில் எக்செல். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: சுத்தம் செய்வது

உண்மையில் வேலை இங்கேதான் இருக்கிறது. சூத்திரம் எழுத அஞ்சு நிமிடம் ஆகும். தரவு அழுக்காக இருந்தால் அந்த அஞ்சு நிமிடத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

கூகுள் ஷீட்டில் புதிய கோப்பு திறந்து, ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா என்று வையுங்கள். இதைத் தவறவிட்டு அமெரிக்க லொகேலில் கிடந்தால் 06/07 என்பது ஜூன் 7 ஆகிவிடும், 13/07 என்பது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். மாதத்தின் முதல் 12 நாள் தப்பான மாதத்தில் போய் உட்காரும், மீதி நாட்கள் கணக்கிலேயே வராது. கண்ணால் பார்த்தால் இரண்டும் தேதி போலத்தான் தெரியும்.

பிறகு இரண்டு தாள். ஒன்றுக்கு 'இலை' என்றும் மற்றொன்றுக்கு 'டே' என்றும் பெயர் வைத்தேன். எக்செலில் வந்ததைக் காப்பி செய்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் வி போட்டு மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். மேலே கம்பெனி பெயர், முகவரி, காலம் என்று சில வரிகள் வரும். அத்தனையையும் நீக்கி, தலைப்பு வரி முதல் வரியாக நிற்க வேண்டும். கீழே 'கிராண்ட் டோட்டல்' வரி இருக்கும். அதையும் நீக்குங்கள். முதல் முறை நான் அதை விட்டுவிட்டேன். மொத்த கிலோ சரியாக இரு மடங்காக வந்தது. இரு மடங்கு என்பதால் உடனே பிடிபட்டது, பிழைத்தேன்.

'இலை' தாளில் என் பத்திகள் இப்படி: ஏ தேதி, பி விவசாயி லெட்ஜர், சி வவுச்சர் எண், டி கிலோ, ஈ விலை, எஃப் தொகை. 'டே' தாளில் ஏ தேதி, பி லெட்ஜர், சி வவுச்சர் வகை, டி எண், ஈ டெபிட், எஃப் கிரெடிட். உங்களுக்கு வேறு மாதிரி வந்தால் எழுத்துகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

லெட்ஜர் பெயர் விஷயத்தில் ஒரு பழக்கம் பெரிய உதவி. நாங்கள் ஊர்ப்பெயரை முன்னால் வைத்து எண்ணைப் பின்னால் போடுகிறோம்: கட்டபெட்டு 027, அரவேணு 031. டேலியில் ஊருக்கொரு குரூப் போடாமலே ஊர்வாரிக் கணக்கு இதனால் வந்துவிடும். எப்படி என்று கீழே வருகிறது.

மூன்றாம் படி: முதல் கேள்வி

'கவுண்டர்' என்று மூன்றாவது தாள் ஒன்று திறந்து, அதில் இதை அடியுங்கள்.

=குவெரி('இலை'!ஏ:எஃப், "செலக்ட் பி, சம்(டி) வேர் பி இஸ் நாட் நல் குரூப் பை பி", 1)

அடைப்புக்குள் மூன்று பகுதி. எந்தத் தரவு, என்ன கேள்வி, தலைப்பு எத்தனை வரி. நடுவில் இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதுதான் கேள்வி. அதை நம் பேச்சில் சொன்னால்: பெயரையும் கிலோக் கூட்டுத்தொகையையும் எடு, பெயர் காலியாக இல்லாத வரிகளில் மட்டும், ஒரே பெயரை ஒன்றாகச் சேர்த்து. என்டர் தட்டினால் ஒரு விவசாயிக்கு ஒரு வரியாகப் பட்டியல் விழும். நாளைக்கு 'இலை' தாளின் கீழே 20 பில் ஒட்டினால் பட்டியல் தானாக மாறும்.

'இஸ் நாட் நல்' எதற்கு? ஏ முதல் எஃப் வரை முழுப் பத்தியையும் கொடுத்திருக்கிறோம், கீழே நூற்றுக்கணக்கில் வெற்று வரிகள் இருக்கும். அவையெல்லாம் பெயரில்லாத ஒரு விவசாயியாகப் பட்டியலில் வந்து உட்காரும். கடைசியில் இருக்கும் 1 தலைப்பு வரியின் எண்ணிக்கை. அதை விட்டுவிட்டால் ஷீட் தானே ஊகிக்கும். ஊகம் தப்பினால் முதல் ஒன்றிரண்டு பில் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். எப்போதும் எழுதிவிடுங்கள்.

கட்டளைச் சொற்கள் பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, பரவாயில்லை. பத்தியின் எழுத்து மட்டும் கட்டாயம் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன ஏ அடித்தால் அப்படியொரு பத்தியே இல்லை என்று பிழை வரும். சொற்களின் வரிசையும் மாறக்கூடாது: செலக்ட், வேர், குரூப் பை, பிவட், ஆர்டர் பை, லிமிட், லேபிள். வேண்டாததை விடலாம், முன்பின் ஆக்கக்கூடாது.

ஒரு விவசாயியிடம் தோற்ற கதை

இந்தப் பட்டியல் வந்த மகிழ்ச்சியில் நான் ஒரு மாதம் அதை வைத்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். சட்டைப்பையில் இருந்து சிட்டையை எடுத்து, "தம்பி, என் கணக்குல 612 கிலோ இருக்கு, நீங்க 564-ன்னு சொல்றீங்களே" என்றார். கம்ப்யூட்டர் கணக்கு என்று பெருமையாகத் திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சிட்டையில் தேதி தேதியாக விரல் வைத்துக் காட்டினார்.

48 கிலோ எங்கே போயிற்று? தேடினால் அந்த வரி 'இலை' தாளில் இருக்கிறது, அவர் பெயரிலேயே இருக்கிறது. மழையில் கரண்டு போய் டேலியில் ஏற்ற முடியாத இரண்டு நாள், எடைச் சீட்டைப் பார்த்து நேராக ஷீட்டில் கையால் ஏற்றியிருந்தோம். மற்ற வரிகளில் 48 என்று மட்டும் இருக்க, அந்த வரியில் '48 கிலோ' என்று அடித்திருந்தது. 'கிலோ' என்ற சொல் சேர்ந்ததும் அது எண் இல்லை, எழுத்து.

குவெரி ஒரு பத்தியில் ஒரே வகைத் தரவைத்தான் ஏற்கும். எண்கள் அதிகம் என்றால் அந்தப் பத்தி எண் பத்தி; நடுவில் கிடக்கும் எழுத்தை வெற்றாக எடுத்துக்கொள்ளும். பிழை காட்டாது, சிவப்பு முக்கோணம் வராது, சத்தமே இல்லாமல் விழுங்கிவிடும். குவெரியில் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான்.

அன்றைக்கு மொத்தம் 9 வரிகள் அப்படிக் கிடந்தன. அதன் பிறகு 'கவுண்டர்' தாளின் மூலையில் இரண்டு கட்டம் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். ஒன்றில் =கவுண்ட்ஏ('இலை'!டி2:டி), மற்றதில் =கவுண்ட்('இலை'!டி2:டி). முதலாவது நிரம்பிய கட்டங்களை எண்ணும், இரண்டாவது எண் இருக்கும் கட்டங்களை மட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பத்தி சுத்தம். தேதிப் பத்திக்கும் இதையே செய்யுங்கள். உண்மையான தேதி ஷீட்டுக்குள் ஓர் எண்தான், அதனால் அதுவும் எண்ணிக்கையில் வரும். இரண்டும் சமம் ஆகாமல் நான் கவுண்டரைத் திறப்பதில்லை.

கையால் ஏற்றிய வரிகளில் இன்னொரு தொல்லை, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இடைவெளி. 'அரவேணு 031' ஒருவர், பின்னால் ஓர் இடம் விட்ட 'அரவேணு 031 ' இன்னொருவர் என்று பட்டியல் இரண்டாகும். டேட்டா, டேட்டா கிளீன்அப், டிரிம் ஒயிட்ஸ்பேஸ் போனால் ஒரே சொடுக்கில் சரி.

நான்காம் படி: தேதி வைத்துக் கேட்பது

=குவெரி('இலை'!ஏ:எஃப், "செலக்ட் பி, சம்(டி), சம்(எஃப்) வேர் ஏ >= டேட் '2025-06-01' அண்ட் ஏ <= டேட் '2025-06-30' குரூப் பை பி ஆர்டர் பை சம்(டி) டெஸ்க் லேபிள் சம்(டி) 'கிலோ', சம்(எஃப்) 'தொகை'", 1)

ஜூன் மாத இலை, அதிகம் போட்டவர் மேலே. குவெரிக்குள் தேதி எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், நடுவில் சிறு கோடு, முன்னால் 'டேட்' என்ற சொல். நம் வழக்கப்படி 01-06-2025 என்று எழுதினால் எடுபடாது. லேபிள் இல்லாவிட்டால் தலைப்பு 'சம்' என்று ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். முதலாளிக்குக் காட்டும் தாளில் அது நன்றாக இருக்காது.

ஒவ்வொரு மாதமும் சூத்திரத்துக்குள் போய்த் தேதி மாற்றுவது ஆபத்து, ஏதாவது மேற்கோளை அழித்துவிடுவோம். 'கவுண்டர்' தாளில் பி1-இல் தொடக்க தேதி, பி2-இல் முடிவு தேதி வைத்து, கேள்வியை வெட்டி ஒட்டுங்கள்:

=குவெரி('இலை'!ஏ:எஃப், "செலக்ட் பி, சம்(டி) வேர் ஏ >= டேட் '" & டெக்ஸ்ட்(பி1, "ஒய்ஒய்ஒய்ஒய்-எம்எம்-டிடி") & "' அண்ட் ஏ <= டேட் '" & டெக்ஸ்ட்(பி2, "ஒய்ஒய்ஒய்ஒய்-எம்எம்-டிடி") & "' குரூப் பை பி", 1)

பார்க்கப் பயமாக இருக்கும். எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றே: ஒற்றை மேற்கோளைத் திறந்து, உடனே இரட்டை மேற்கோளை மூடி, அண்ட் குறி போட்டு, கட்டத்தை நுழைத்து, மறுபடி அண்ட் குறி, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோளை மூடு. 'பார்ஸ் செய்ய முடியவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால், பத்துக்கு ஒன்பது முறை இந்த ஒற்றை மேற்கோளில் ஒன்று விட்டுப்போயிருக்கும். நான் செய்வது: சமக்குறிக்குப் பின் குவெரியை எடுத்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் வேறொரு கட்டத்தில் போட்டுப் பார்ப்பேன். கேள்வி முழு வாக்கியமாக அங்கே தெரியும். எங்கே உடைந்திருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும்.

ஊர்வாரி வேண்டுமா? பி3-இல் ஊர்ப்பெயர்களை டிராப்டவுனாக வைத்து, குரூப் பை-க்கு முன்னால் அண்ட் பி ஸ்டார்ட்ஸ் வித் '" & பி3 & "' என்று சேருங்கள். ஊர்ப்பெயரை லெட்ஜரில் முன்னால் வைத்ததன் பலன் இதுதான். ஆங்கிலத்தில் லெட்ஜர் எழுதுபவர்கள் கவனிக்க: குவெரி பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும்.

மாதவாரி இலை பார்க்க இன்னொரு பொறி இருக்கிறது. குவெரிக்குள் மன்த் என்ற சொல் ஜனவரியை 0 என்று எண்ணும். அதனால் ஒன்று கூட்ட வேண்டும்:

=குவெரி('இலை'!ஏ:எஃப், "செலக்ட் இயர்(ஏ), மன்த்(ஏ)+1, சம்(டி) வேர் ஏ இஸ் நாட் நல் குரூப் பை இயர்(ஏ), மன்த்(ஏ)+1 ஆர்டர் பை இயர்(ஏ), மன்த்(ஏ)+1", 1)

வருடத்தையும் சேர்த்ததற்குக் காரணம் நம் நிதியாண்டு. மாதத்தை மட்டும் வைத்தால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மேலே ஏறி, ஏப்ரல் நடுவில் போய்விடும். இந்தப் பட்டியலில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இலையைக் கருக்கியது எண்ணாகவே தெரியும்.

ஐந்தாம் படி: கையில் எவ்வளவு வரும்?

இதற்கு 'டே' தாள். டே புக்கில் இலை வாங்கிய பில் விவசாயியின் பெயரில் கிரெடிட் பக்கம் நிற்கும். ரொக்கம் கொடுத்ததும் உரத்துக்கு ஜர்னல் (பணம் கைமாறாத பதிவு) போட்டுப் பிடித்ததும் டெபிட் பக்கம்.

=குவெரி('டே'!ஏ:எஃப், "செலக்ட் பி, சம்(ஈ), சம்(எஃப்) வேர் பி இஸ் நாட் நல் குரூப் பை பி", 1)

இரண்டையும் குவெரிக்குள்ளேயே கழித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். வெற்றுக் கட்டத்தைக் குவெரி சைபராக எடுத்துக்கொள்வதில்லை. முன்பணமே வாங்காத விவசாயிக்குக் கழித்தல் விடையும் வெற்றாக வந்துவிடும். பட்டியலை இறக்கிவிட்டு, பக்கத்துப் பத்தியில் சாதாரணமாகக் கழியுங்கள். அங்கே வெற்று சைபர்தான்.

ரொக்கம் தனி, உரப் பிடித்தம் தனி என்று பிரித்துக் காட்ட பிவட்:

=குவெரி('டே'!ஏ:எஃப், "செலக்ட் பி, சம்(ஈ) வேர் பி இஸ் நாட் நல் குரூப் பை பி பிவட் சி", 1)

பேமென்ட் ஒரு பத்தி, ஜர்னல் ஒரு பத்தி என்று வவுச்சர் வகைகள் குறுக்கே விரியும். கவுண்டரில் அதிகச் சண்டையை நிறுத்தியது இந்த ஒரு வரி.

ஆனால் இந்த விடையை அப்படியே நிலுவை என்று சொல்லிவிடாதீர்கள். டே புக்கில் நடப்பு மட்டுமே இருக்கும், ஆரம்ப இருப்பு வராது. மார்ச் 31 அன்று யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை 'ஆரம்பம்' என்று நான்காவது தாளில் ஒரு முறை ஏற்றி, விலுக்கப் (பெயரைத் தேடி அதற்குரிய எண்ணை எடுத்து வரும் ஃபங்ஷன்) போட்டுச் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலை டேலியிலிருந்து எடுக்கும்போது எண்ணுக்குப் பின்னால் தெரியும் டெபிட், கிரெடிட் எழுத்துகளை நம்பாதீர்கள். அவை கட்டத்துக்குப் போட்ட வேஷம் மட்டுமே. உள்ளே வெறும் எண் இருக்கும். மதிப்பை மட்டும் ஒட்டியதும் எழுத்து போய்விடும், கொடுக்க வேண்டியதும் வாங்க வேண்டியதும் ஒரே மாதிரி தெரியும். டெபிட் ஒரு பத்தி, கிரெடிட் ஒரு பத்தி என்று பிரிந்து வரும் ரிப்போர்ட்டாக எடுங்கள். ஏற்றியபின் ஐந்து விவசாயிகளின் நிலுவையை டேலி லெட்ஜரோடு ஒத்துப் பாருங்கள். ஐந்தும் பொருந்தினால் சரி.

முதலாளிக்குத் தனிக் கோப்பு

கவுண்டர்க் கோப்பை அவருக்கும் திறந்துவிட்டால் யாராவது ஒரு நாள் ஒரு பத்தியை அழிப்பார்கள். அவருக்கு வேறு கோப்பு கொடுத்து, அதில் இம்போர்ட்ரேஞ்ச் மூலம் 'இலை' தாளை இழுத்து, அதன் மேல் குவெரி போடுங்கள். முதல் முறை அனுமதி கேட்கும், கொடுங்கள். இங்கே ஒரு மாற்றம்: ஏ, பி என்ற எழுத்துகள் வேலை செய்யாது. கால்1, கால்2 என்று எழுத வேண்டும்; முதல் எழுத்து பெரியது, மற்ற இரண்டும் சின்னது. 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்பதை மட்டும் தொடாதீர்கள். விவசாயியின் பாக்கி ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அவர் கோப்பில் இன்னொரு கட்டமும் வைத்தேன்: மாத இலைக் கிலோவைத் தூள் கிலோவால் வகுத்த எண். ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை பிடிக்கும். எண் இதற்கு வெளியே போனால், பேக்டரியைக் குறை சொல்லும் முன் முதலில் என் தாளில்தான் தேடுகிறேன். பெரும்பாலும் ஒரு நாள் எடைச் சீட்டு விட்டுப்போயிருக்கும். விற்பனைக்கும் சேல்ஸ் ரிஜிஸ்டரை இதே மாதிரி இறக்கி, குன்னூர் ஏலத்துக்குப் போனது, நேராக விற்றது என்று பிரிக்கலாம். பச்சை இலைக்கு ஜிஎஸ்டி இல்லை, தூளுக்கு 5 சதவீதம். அதனால் வாங்கிய தாளையும் விற்ற தாளையும் ஒன்றாகக் கலக்காமல் வைப்பது நல்லது.

எக்செல் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு: அதில் இந்த ஃபங்ஷன் கிடையாது. ஃபில்டர், பவர் குவெரி, பிவட் டேபிள் என்று வேறு வழிகள் உண்டு. டேலி திறந்திருக்கும்போது ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக எக்செலை நேராக இணைக்கவும் முடியும், ஒட்டும் வேலை மிச்சம். நான் ஷீட்டிலேயே இருப்பதற்குக் காரணம், லைனில் இலை எடுக்கப் போயிருக்கும் பையன் போனிலேயே பார்த்துக்கொள்கிறான்.

மழைக்காலத்தில் நெட் போகும். அதனால் பட்டுவாடாவுக்கு முந்தின நாள் சாயங்காலமே 'கவுண்டர்' தாளை பிடிஎஃப் ஆக இறக்கி, அச்செடுத்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். அந்தப் பெரியவர் இப்போதும் சிட்டையோடுதான் வருகிறார். கண்ணாடி மேல் சிட்டையை வைத்து, இரண்டையும் விரலால் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.